சந்தேகம் இல்லை சார்!

1996 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். சவரம், குளியல், ஷூ பாலிஷ். பாடக்குறிப்பை ஒரு முறை வாசித்தேன். அல்சூரில் பஸ் பிடித்து, முதல் மணி அடிக்கும் முன்பே லிங்கராஜபுரத்துப் பள்ளிக்குப் போய்விட்டேன்.

ராணுவத்தில் நாயிப் சுபேதாராக ஓய்வு பெற்று, நாற்பத்திரண்டு வயதில் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பது என் பயிற்சி. அன்று மார்க் போடும் பாடம். எங்கள் கல்லூரி விரிவுரையாளர் சாரதா மேடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பார். அதில் தேறாவிட்டால் பட்டம் இல்லை.

எனக்குப் பயம் இருக்கவில்லை. ராணுவப் பயிற்சி மையத்தில் பல வருடம் ரெக்ரூட்களுக்குத் துப்பாக்கிப் பாடம் எடுத்தவன் நான். பாடம் முடிந்ததும் "கோயி ஷக்?" என்று கேட்போம். சந்தேகம் உண்டா என்று அர்த்தம். "நஹி உஸ்தாத்!" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். உஸ்தாத் என்றால் சொல்லிக்கொடுப்பவர். சத்தம் குறைந்தால் மறுபடி கேட்போம். அதே வழக்கத்தை எட்டாம் வகுப்புக்கும் கொண்டுவந்திருந்தேன். "மிலிட்டரி சார் கிளாஸ்ல மட்டும் எப்படித்தான் இந்த வாலுங்க கப்சிப்னு இருக்குதுங்களோ!" என்று பக்கத்து வகுப்பு டீச்சர் சொன்னபோது பெருமைப்பட்டேன்.

அன்று பலகையில் 3x + 5 = 20 என்று எழுதினேன். பக்கம் மாறினால் குறி மாறும் என்றேன். படிப்படியாகச் செய்து விடையை அடிக்கோடிட்டேன்.

"சந்தேகம்?"

"இல்லை சார்!"

ஜன்னல் அதிர்ந்தது. மேடம் எழுந்து முன்னால் வந்தார். முதல் வரிசையில் இருந்த பிலோமினாவைக் கேட்டார்.

"இந்த அஞ்சு ஏம்மா மைனஸ் ஆச்சு?"

"அந்தப் பக்கம் போச்சு மேடம்."

"போனா ஏன் மாறணும்?"

பிலோமினா என்னைப் பார்த்தாள். "சார் ஆர்டர் மேடம்."

"புரியலன்னா, சந்தேகம் இல்லன்னு ஏன் அப்படிக் கத்தினே?"

"அப்படித்தான் மேடம் சொல்லணும். மெதுவா சொன்னா திரும்பவும் கேப்பாரு."

யாராவது சிரித்திருந்தால் தேவலை. ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. மேடம் இன்னும் நாலைந்து பேரைக் கேட்டார். அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். கையில் சாக்பீஸோடு அட்டென்ஷனில் நின்றுகொண்டிருந்தேன். காது சுட்டது.

வராந்தாவில் மேடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சிறியவர்.

"சார், பசங்க உங்களுக்குப் பயப்படறாங்க. பாடம் அவங்ககிட்ட போகவே இல்ல. இன்னிக்கு மார்க் போட்டா ஃபெயில்தான் போடணும். நாளைக்கு இதே கணக்கை மறுபடி எடுங்க. அதைப் பார்த்துட்டுப் போடறேன்."

"யெஸ் மேடம்."

"பாத்தீங்களா? நான் சொன்னது உங்களுக்குச் சரின்னு படுதா இல்லையான்னே தெரியல. யெஸ் மேடம்னுட்டீங்க."

அதற்கும் "யெஸ் மேடம்" என்று வாய்வரை வந்தது.

சாயங்காலம் மைத்துனன் வந்திருந்தான். "மாமா, இந்த வயசுல பொடிசுங்களோட உக்காந்து எதுக்கு சும்னே கஷ்டப்படறீங்க? எங்க ஃபேக்டரில செக்யூரிட்டி சூப்பர்வைசர் போஸ்ட் காலியா இருக்கு. உங்க மீசைக்கே குடுத்துடுவாங்க." அவன் வழக்கமாகச் சொல்வதுதான். மற்ற நாட்களில் முடியாது என்றுவிடுவேன். அன்று மட்டும் "நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு ரெக்ரூட்டின் முகம் வந்து நின்றது. சுடும் தேர்வில் தோற்றதால் அவனைக் கீழ் பேட்ச்சுக்கு இறக்கினோம். தொப்பியைக் கையில் பிடித்தபடி என் முன் நின்றான். "தினமும் நஹி உஸ்தாத்னு கத்தினியே, அப்புறம் என்ன?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அவன் தலை குனிந்தான். அவன் மக்கு என்று ரிப்போர்ட் எழுதினேன். நல்ல உஸ்தாத் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரை நினைக்கவே அன்று கூச்சமாக இருந்தது. சந்தேகம் உண்டா என்று நான் கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது. புதிதாக வகுப்புக்குப் போகிறவர்கள் இதை மட்டும் கவனித்தால் போதும்.

மறுநாள் காலை முதல் வேலையாக அதே கணக்கைப் பலகையில் எழுதினேன். சாக்பீஸைப் பிலோமினாவிடம் கொடுத்தேன். "எங்க புரியலயோ அங்க வட்டம் போடும்மா. நேத்து நான் சொல்லிக்குடுத்தது சரியில்ல." சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. மேடம் கடைசி பெஞ்சில் இருந்தார்.

பிலோமினா பலகைக்குப் போய் x-ஐச் சுற்றி வட்டம் போட்டாள்.

"கணக்குல எதுக்கு சார் எழுத்து?"

மூன்று வாரமாக அந்த x-ஐத்தான் நடத்தியிருந்தேன்.

"எனக்கும் சார்" என்றது நடு வரிசையிலிருந்து ஒரு குரல். அப்புறம் இன்னொன்று. நான் முதல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, "சொல்லுங்க" என்றேன்.