பரசுராமன் கடை மீட்டர்

“கையக் கழுவினியா?”

“கழுவிட்டேன் அண்ணாச்சி.”

“அண்ணாச்சியா? நான் இன்னா மளிகைக் கடையா வச்சிக்கினு கீறேன்? வெரல நீட்டாத. இன்னிக்கு மீட்டர் கெடையாது.”

“ஏன், பேட்டரி தீந்துட்டா?”

“ஸ்ட்ரிப்பு தப்பா காட்டுதாம். செஞ்ச கம்பெனியே திருப்பிக் கேக்குது. வண்டில ஏறு, லேபுக்குப் போலாம்.”

“எனக்கு செகண்ட் ஷிப்ட்டு. பஸ் வந்துரும்லா!”

“உன் சூப்பர்வைசர் கைல நான் பேசறேன். ஏறும்மா, சொன்னாக் கேளு.”

சுங்குவார்சத்திரத்தில் மருந்துக் கடை வைத்திருக்கும் பரசுராமன் யாரிடமும் இப்படிக் கெஞ்சி இசக்கிசெல்வி பார்த்ததில்லை. வருபவர்களின் கழுத்தில் தொங்கும் கம்பெனி அட்டையில் ரத்த வகையைத்தான் அவர் முதலில் படிப்பார், பெயர் அப்புறம். தலைவலி மாத்திரை கேட்டால், “ஓவர்டைம் பாத்தியா? போய்த் தூங்கு, அதான் மருந்து” என்று பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

செல்வியின் இதயத்தில் இருப்பது உலோக வால்வு. அதில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்கத் தினமும் மாத்திரை. அளவு சரியா என்று பார்க்க விரல் நுனியிலிருந்து ஒரு துளி ரத்தம். அதைச் சோதிக்கும் மீட்டரைத் தனியாக வாங்கக் கட்டுப்படியாகாத நான்கு பேருக்காக பரசுராமன் அதைக் கடையிலேயே வைத்தார். ஆளுக்கொரு புது ஊசி. ரத்தத்தைத் தொட்டு வைக்கும் ஸ்ட்ரிப் பட்டைகளின் டப்பா மட்டும் பொது. “நம்முது கூட்டுக் குடும்பம்” என்பார்.

அந்த மீட்டர் சில வாரங்களாக எண்ணைக் கூட்டிக் காட்டி, ரத்தம் மிகவும் நீர்த்திருப்பதாகவே சொன்னது. மருத்துவர் மாத்திரையைக் குறைத்தார். உடம்பு தேறிவிட்டது என்று செல்வி ஊருக்கு போன் போட்டுச் சொல்லியிருந்தாள்.

லேபில் வந்த எண், மீட்டர் காட்டியதில் பாதிகூட இல்லை. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் வால்வில் ரத்தம் கட்டியிருக்கலாம் என்று சொல்லி, மருத்துவர் அன்றே ஊசி போட்டு மாத்திரையைக் கூட்டினார். பரசுராமன் செல்வியை விடுதியில் இறக்கிவிட்டு, கடை ஷட்டரைத் திறக்காமலே வண்டியைத் திருப்பினார்.

“எங்க போறீய?”

“மிச்சம் மூணு பேரு கீறாங்களே. நான் குட்த்த ஸ்ட்ரிப்பு, நான்தான் போய்ச் சொல்லணும்.”

ஒரகடத்தில் இருவரைப் பிடித்தார். மூன்றாமவர் ஜெபகுமார் போனை எடுக்கவில்லை. அவர் வேலை பார்க்கும் தொழிற்சாலை வாசலில் ஷிப்ட் முடியும்வரை நின்று, வெளியே வந்தவரை அப்படியே லேபுக்கு அழைத்துப் போனார். நால்வருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த மாதம் புது டப்பா வந்தது. செல்வி மீட்டர் பக்கமே போகவில்லை.

“இனி இத நம்ப மாட்டேன் அண்ணாச்சி. லேபுலயே பாத்துக்கிடுதேன்.”

“ஒவ்வொரு தபாவும் லீவு போடுவியா? லைன்ல வச்சிருப்பானா உன்ன?”

அவர் புது ஸ்ட்ரிப் ஒன்றைப் பிரித்து மீட்டரில் செருகினார்.

“இந்த மாத்திர சாப்டாதவனுக்கு மீட்டரு ஒண்ணுக்குப் பக்கத்துல காட்டணும். மொதல்ல எனக்கு இன்னா காட்டுதுன்னு பாரு. அப்பால உனக்குப் பாத்து, லேபோட ஒத்துப் பாக்கலாம். ரெண்டும் சரியா இருந்தா வச்சிக்கலாம், இல்லன்னா டப்பாவத் திருப்பி அனுப்பிடறேன்.”

ஊசியை அவள் பக்கம் நகர்த்திவிட்டு விரலை நீட்டினார். முகம் டானிக் அலமாரிப் பக்கம் திரும்பியிருந்தது. கண்கள் இறுக மூடியிருந்தன.

“செல்வி, நீயே குத்தும்மா. எனக்கு பயமா கீது.”