கிரகணத்துக்குக் கழுவிய கண்ணாடிகள்

எங்கள் மகளின் படம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதையும் நான் கழுவாமல் வைத்திருந்தேன்.

நான் மட்டக்களப்பு நகரத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவன். யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் முப்பத்தொன்றாம் நாள் கழிந்த கையோடு என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். பொம்மையை ஆட்டிச் சிரிக்க வைத்து எடுத்துக் கொடுப்பேன். என் பிள்ளையை மட்டும் எடுக்கவில்லை. ஒரு வயது வரட்டும், நல்ல சட்டை போட்டு எடுப்போம் என்று தள்ளிப்போட்டேன். எருமை, வேறென்ன சொல்ல? ஏழாம் மாதத்தில் மூன்று நாள் காய்ச்சலில் பிள்ளை போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் போட்டோக்காரனைக் கூப்பிடுவது வழக்கம். எங்களைப் போன்ற கிறிஸ்தவ வேதக்கார வீடு, சைவ வீடு என்ற வித்தியாசம் அதில் இல்லை. நான் எத்தனையோ பிரேதப் படம் எடுத்தவன். அன்றைக்கு என்னைக் கூப்பிட யாரும் வரவில்லை, நானே கமராவைத் தூக்கிக்கொண்டு முன் அறைக்குள் போனேன். மருந்து பூசிய கண்ணாடித் தகட்டில்தான் அப்போது படம் விழும், பிளேட் என்போம். ஒரு பிளேட் எடுத்தேன். அடக்கம் முடிந்து வந்ததும் அதைக் கறுப்புத் தாளில் சுற்றி, வெறும் பெட்டி ஒன்றில் போட்டு, படுக்கையறை அலுமாரிக்கு மேல் வைத்தேன்.

முதல் இரண்டு மாதமும் மனைவி கேட்டாள்.

"கழுவிட்டீங்களா?"

"நாளைக்கு."

பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். அதோடு பேச்சும் குறைந்தது. சோறு போட்டாள், சட்டை தோய்த்தாள், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என் பக்கத்தில் இருந்தாள். துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அதுவும் இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனேன், மாப்பிள்ளையைச் சிரிக்கச் சொன்னேன், சிரித்தான், எடுத்தேன். பல்லுக்கு ஊசி போட்ட பிறகு வாய் இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

எட்டு மாதம் இப்படிப் போனபோது சூரியகிரகணம் வருகிறது என்று ஊர் பரபரத்தது. ஐம்பதுகளின் நடுவில், ஆனி மாதம். எங்கள் பக்கத்தில் சூரியன் முழுதாகவே மறையும் என்றார்கள். பக்கத்து வீட்டில் கர்ப்பிணி ஒருத்தி இருந்தாள், அவளை அறைக்குள் வைத்துச் சன்னல் இடுக்குக்கெல்லாம் சாக்கு அடைக்க ஏற்பாடு நடந்தது. கிணற்றை மூடப் பலகை தேடினார்கள். அந்த நேரம் தண்ணீர்த் தட்டில் உலக்கையை நிறுத்தினால் தானாக நிற்குமாம், அதற்கு நல்ல உலக்கை இரவல் கேட்டு ஒருவர் ஸ்டூடியோவுக்கே வந்தார். போட்டோ கடையில் உலக்கைக்கு எங்கே போவது?

பிறகு மச்சான் வந்தார். என் மனைவியின் மூத்த அண்ணன், செட்டிபாளையத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்தவர். வந்தவர் கதிரையில்கூட இருக்கவில்லை.

"மச்சான், எனக்கு நாப்பது கறுப்புக் கண்ணாடி வேணும். பிள்ளைகள் பாக்கிறத்துக்கு."

"சிமினி விளக்கில புகை பிடிச்சுக் குடுங்க. செலவில்ல."

"அது ஒண்ணா, சரிவராது. ஒருத்தன் விரலால துடைச்சுப்போட்டுப் பாத்தான் எண்டா கண் போயிடும். மறுகா அவன்ட தாய்க்கு ஆரு பதில் சொல்ற? உங்கட பிளேட்டக் கறுப்பாக்கினா நல்லம் எண்டு வாசிச்சன்."

அவர் சொன்னது சரி. படம் பிடிக்காத பிளேட்டை வெளிச்சத்தில் காட்டிவிட்டுக் கழுவினால் மூலைக்கு மூலை கரி போலக் கறுத்துவிடும். அப்படி இரண்டை ஒன்றோடொன்று வைத்து ஓரத்தில் தாள் ஒட்டிவிட்டால் துடைத்தாலும் போகாது. என்னிடம் காலாவதியான பிளேட் பெட்டிகள் கிடந்தன. ஒவ்வொன்றையும் நான்காக அறுத்தால் போதும்.

"கிரகணத்தையும் நீங்கதான் படம் பிடிச்சுத் தரவேணும். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வாங்க. எட்டு மாசமா வீட்டுக்குள்ள கிடக்கிறா" என்றார்.

சரி என்றேன். அப்போதெல்லாம் யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கிரகணத்துக்கு முந்திய வாரம் இரண்டு காலை பஸ் பிடித்து செட்டிபாளையம் போனேன். கிரகணம் நடக்கப்போகும் நேரத்தில் சூரியன் எங்கே நிற்கும் என்று பார்த்துக் கடற்கரை மணலில் தடி நட்டேன். சூரியனை நோக்கிக் கமராவைத் திருப்பிவிட்டுப் பின்னால் உருவம் விழும் மங்கல் கண்ணாடியில் கண்ணை வைத்தால் மச்சான் பயந்த அதே கதிதான் எனக்கும். அதனால் தொலைவில் போன வள்ளத்தின் பாயைப் பார்த்து லென்சைச் சரிசெய்து, அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். கமராவின் நிழல் மணலில் எப்போது ஆகச் சிறிதாக விழுகிறதோ அப்போது அது நேராகச் சூரியனைப் பார்க்கிறது என்று அர்த்தம். அந்த வித்தையை நானாகத்தான் கண்டுபிடித்தேன். வேறு நாளாயிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். கச்சான் காற்று மணலை வாரி லென்சில் அடித்தது, துணியால் துடைத்துக்கொண்டு நின்றேன்.

பிளேட்டுகளை ஒரு பிற்பகலில் முற்றத்து வெயிலில் பரப்பிவிட்டு, இருட்டறைக்குள் கொண்டுபோய்க் கழுவினேன். தட்டம் நிறைய மருந்து கரைத்திருந்தது. எல்லாம் முடிந்தபோது, கையும் நனைந்திருக்கிறது, மருந்தும் மிச்சம், அதையும் போட்டுவிடலாம் என்று தோன்றியது. பெரிய தீர்மானம் என்று ஒன்றும் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய் அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியை எடுத்து வந்து, சிவப்பு விளக்கில் கறுப்புத் தாளைப் பிரித்தேன்.

பிளேட்டில் வெள்ளை கறுப்பாக விழும், அதனால் கழுவும்போது வெள்ளைச் சட்டைதான் முதலில் கறுப்பாக எழும்பும், பிறகு முகம். எட்டு மாதமாக நான் தள்ளிப்போட்டது அந்த முகம் எழும்பும் நிமிடத்தைத்தான். சட்டையும் எழும்பவில்லை, முகமும் எழும்பவில்லை. பிளேட் முழுவதும் ஒரேயடியாகக் கறுத்தது, மற்றப் பிளேட்டுகளைப் போலவே.

எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். கமராவுக்குள் வெளிச்சம் புகுந்து கெட்டிருந்தால் ஓரத்தில் நூல் அகலத்துக்கு வெள்ளை விளிம்பு இருக்கும், சட்டம் பிடித்த இடம் அது. இதில் விளிம்பே இல்லை. அப்படியென்றால் தாளைப் பிரித்து யாரோ வெளிச்சத்தில் பிடித்திருக்கிறார்கள். வீட்டில் இருப்பது இரண்டு பேர். நான் பிரிக்கவில்லை.

கத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தட்டத்தையாவது தூக்கி எறிந்திருக்க வேண்டும். எனக்கு முன்கோபம் என்று ஊருக்கே தெரியும். ஆனால் ஒன்றும் வரவில்லை. மற்றக் கண்ணாடிகளோடு அதையும் அலசி, காயவைத்து, வேறொன்றோடு சேர்த்து ஒட்டினேன். அதை மட்டும் அறுக்கவில்லை. வெயிலில் பிடித்துப் பார்த்தேன், சூரியன் வெளிறிய பொட்டு மாதிரித் தெரிந்தது. செய்தவற்றில் ஆக நல்ல கண்ணாடி அதுதான். இரவு அவள் சோறு போட்டாள், தின்றேன். நீ ஏன் பிரித்தாய் என்று கேட்கவில்லை.

கிரகணத்தன்று காலை வானத்தில் ஒரு முகில் இல்லை. மச்சான் பிள்ளைகளைக் கடற்கரையில் வரிசையாக இருத்தி, ஆளுக்கொரு கண்ணாடி கொடுத்து, "நான் சொல்லுமட்டும் கண்ணாடியக் கண்ணால எடுத்தா முதுகுத் தோலை உரிப்பன்" என்று கத்திக்கொண்டிருந்தார். நானும் மனைவியும் சற்றுத் தள்ளிக் கமராவோடு நின்றோம். சூரியனின் மேல் விளிம்பில் கடித்தது போல ஒரு குறை விழுந்தது. பெரிய கண்ணாடியை அவளிடம் நீட்டினேன்.

பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத் தெரியுது" என்றாள். பல வாரத்துக்குப் பிறகு அவளாகப் பேசிய பேச்சு. "பிள்ளைகளுக்குக் குடுத்ததெல்லாம் சின்னன். இதென்ன இவ்வளவு பெரிசு?"

அப்போதுதான் எனக்குள் எட்டு மாதக் கோபமும் ஒன்றாகக் கிளம்பியது. கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது.

"அது பிள்ளைட பிளேட். நீ பிரிச்சுப் பாத்தது. கழுவினன், கறுத்துப் போச்சு. வேற என்னத்துக்கு ஆகும்? சூரியனப் பார்."

கண்ணாடியைக் கீழே இறக்கினாள். அழுவாள், மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"ஓம், நான்தான் பிரிச்சன். நீங்க நாளைக்கு நாளைக்கு எண்டுகொண்டு இருந்தீங்க. எனக்குப் பிள்ளைட முகம் மறந்துகொண்டு வந்திச்சு. ஒருக்காப் பாத்திட்டுச் சுத்தி வைப்பம் எண்டு சன்னலடியில கொண்டுபோய்ப் பிரிச்சன். அதில ஒண்டும் இருக்கல்ல. வெறும் வெள்ளைக் கண்ணாடி."

குரல் நடுங்கவேயில்லை.

"நீங்க படமே எடுக்கல்ல எண்டு விளங்கிச்சு. என்னைச் சமாளிக்கிறத்துக்குக் கமராத் துணிக்குள்ள தலைய விட்டு நடிச்சீங்க எண்டு. அதுக்குப் பிறகு உங்களோட கதைக்க எனக்கு வாய் வரல்ல."

கழுவும் வரைக்கும் பிளேட்டில் எதுவும் தெரியாது. என் தொழிலில் கால் வைத்தவன் முதல் நாளே படிக்கிற பாடம் அது. ஆறு வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவளுக்கு அது தெரியாது. ஒருநாளாவது அவளை இருட்டறைக்குள் கூப்பிட்டுக் காட்டியிருந்தால் தெரிந்திருக்கும். வாசலில் நின்று தேநீரை நீட்டினால், கதவைத் திறக்காதே என்று சீறுவேன். அவ்வளவுதான் நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. சற்று முன் வந்த கோபத்தை விட்டால், அந்த எட்டு மாதத்தில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான்.

"எடுத்தன். கழுவினாத்தான் தெரியும். சத்தியமா எடுத்தன்."

"எப்பிடி நம்புற?"

கேள்வி நியாயமானது. வெறும் பிளேட்டை வெயிலில் பிடித்தாலும் இப்படித்தான் கறுக்கும். அவள் கையிலிருந்த கண்ணாடி எந்தப் பக்கத்துக்கும் சாட்சி சொல்லாது.

வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. காகங்கள் வாவிப் பக்கம் திரும்பின. தூரத்தில் மச்சான், "இப்ப எடுக்கலாம், கண்ணாடியை எடுங்க!" என்று கத்தினார். சட்டென்று இருண்டது. பிள்ளைகள் ஓவென்று கூவினார்கள். லென்சை மறைத்திருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நான் அழுத்த வேண்டிய சில நிமிடம் அதுதான். கமராவின் ரப்பர்க் குமிழ் கையில் இருந்தது.

"அப்ப சொல்லுங்க" என்றாள் இருட்டுக்குள். "அதில பிள்ள எப்பிடி இருந்தா?"

"தலைகீழாத்தான் கண்டன். மங்கல் கண்ணாடியில எல்லாம் தலைகீழாத்தான் விழும். வெள்ளைச் சட்டை. கழுத்துப் பட்டியில ஒரு பொத்தான் போடல்ல. தலைமயிர இடப்பக்கம் வாரியிருந்த. கண் முழுசா மூடல்ல, கொஞ்சம் திறந்திருந்த."

ரப்பர்க் குமிழை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"உன்ட கை அதுக்குள்ள இருந்திச்சு. நீ கட்டிலுக்கு மற்றப் பக்கம் நிண்டாய். பிள்ளைட கன்னத்துக்குக் கிட்டக் கைய வைச்சுக்கொண்டிருந்தாய். மற்ற ஆக்கள் எண்டா எடுங்க எண்டு சொல்லியிருப்பன். உனக்குச் சொல்ல எனக்கு ஏலாமப் போச்சு. கையோட சேத்துத்தான் எடுத்தன்."

கடல் இரைந்தது. பிறகு அவள் குரல் உடைந்து வந்தது.

"ஒரு ஈ வந்து வந்து இருந்த. படத்தில விழக்கூடா எண்டுதான் கைய வைச்சன்."

அப்படியே மணலில் குந்தியிருந்து அழுதாள், வாய்விட்டு, அடக்கத்தன்றுகூட அப்படி அழவில்லை. நானும் பக்கத்தில் இருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. அவளுடைய வலது கையை மட்டும் பிடித்துக்கொண்டேன், ஈயை விரட்டிய கை அது. பிடித்திருக்கும்போதே வெளிச்சம் வந்துவிட்டது.

மச்சான் மணலில் ஓடி வந்தார். "எத்தினை பிடிச்சீங்க மச்சான்?"

"ஒண்டும் பிடிக்கல்ல."

அவர் தங்கச்சியைப் பார்த்தார், கமராவின் கால்களை மடக்கத் தொடங்கினார்.

"அண்ணன், கமராவ உங்கட வீட்ட கொண்டுபோய் வைங்க" என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நாங்க மறுகா, கொஞ்சம் பிந்தி வாறம். இவர் இன்னும் சொல்லி முடிக்கல்ல."