லோடருக்கு அளவு எடுக்கவில்லை

விமானத்தின் வயிற்றுக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. அங்கே பெட்டி அடுக்குகிற லோடர் முழங்காலிலேயே நகர வேண்டும். அப்படி நகர்ந்தே தலை நரைத்துப்போனவருக்கு 'முட்டி' என்று பெயர் விழுந்தது. பெயர் வைத்தவர் 'பெல்ட்டு'. கீழே நின்று, ஓடும் பெல்ட்டில் பெட்டிகளை ஏற்றி மேலே அனுப்புகிறவர். இருவரும் ஜோடி. பெட்டியோடு பெட்டியாகக் கிண்டலும் மேலே ஏறி வரும். "இதுக்குள்ள மாமியாரையே மடிச்சு வெச்சிருக்காங்க போல, பாத்துப் புடிய்யா!" என்பார் பெல்ட்டு. இருட்டுக்குள் முட்டி சிரிப்பது மட்டும் கேட்கும்.

வீட்டில் அவருக்குச் சிரிக்க ஆள் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகளைத் தொலைவில் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டுக்கு வந்ததும் டி.வி.யைப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொள்வார். ஏதோ ஒரு குரல் கேட்டால் போதும். வார விடுமுறை வந்தால் மற்றவர்களுக்குக் கொண்டாட்டம், அவருக்கு அது தண்டனை.

இப்படி இருக்கையில்தான் இரண்டு விமானக் கம்பெனிகள் ஒன்றாயின. எல்லாரையும் பெரிய ஹாலில் உட்காரவைத்து மேனேஜர் பேசினார். நன்றாகத்தான் பேசினார், அதற்குத்தானே அவருக்குச் சம்பளம்.

"நாம எல்லாரும் இனிமே ஒரே குடும்பம். ஒரு வேலைகூட கான்ட்ராக்டுக்குப் போகாது. உங்க சங்கத்து மேல எங்களுக்கு முழு மரியாதை இருக்கு."

கைதட்டல். சங்கத் தலைவர்களும் சேர்ந்து தட்டினார்கள். "கேள்வி இருந்தா கேளுங்க" என்றார் மேனேஜர். எவனும் கேட்க மாட்டான் என்ற தைரியத்தில் சொல்கிற வாக்கியம் அது. பின்வரிசையில் முட்டி எழுந்தார். பக்கத்திலிருந்த பெல்ட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சார், புது யூனிஃபார்முக்கு டெய்லர் வந்தாரு. பைலட்டுக்கு அளவு எடுத்தாரு, கவுன்ட்டர் பொண்ணுங்களுக்கு எடுத்தாரு, பஸ் டிரைவருக்குக்கூட எடுத்தாரு. லோடர் ஒருத்தனுக்கும் எடுக்கலையே, ஏன் சார்?"

மேனேஜர் சிரித்தார், தண்ணீர் குடித்தார், "அது அடுத்த கட்டம்" என்றார். அவர் பூசி மெழுகுவதை அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று ஓய்வறையில் முட்டிதான் ராஜா. "யோவ், இத்தனை வருஷமா வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டு சாவிய எங்கய்யா வெச்சிருந்த?" என்று பெல்ட்டு அவர் முதுகில் ஓங்கித் தட்டினார். முகம் கொடுத்துப் பேசாதிருந்த இரண்டு கம்பெனி லோடர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். சங்கத்துக்காரர்கள் அந்தக் கேள்வியைத் தட்டியில் எழுதி வாசலில் வைத்தார்கள்.

நிர்வாகத்துக்கு இது பொறுக்குமா? முட்டியை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே டேப்போடு டெய்லர் நின்றிருந்தார்.

"கேட்டீங்கல்ல, இதோ எடுத்துடுவோம். கையத் தூக்குங்க" என்றார் மேனேஜர்.

முட்டி சொன்னதைச் செய்தே பழகியவர். தூக்கினார். டேப் நெஞ்சைச் சுற்றியது.

"மத்தவங்களையும் கூப்பிட்டிருக்கீங்களா சார்?"

"இது சூப்பர்வைசர் கோட்டுங்க. புதுசா வர்ற ஆளுங்களை நீங்கதான் மேய்க்கணும்."

"புதுசா யாரு சார் வர்றாங்க?"

மேனேஜர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அதெல்லாம் மெதுவாப் பேசலாம். நீங்க சங்கத்துப் பக்கம் போகாம கொஞ்சம் ஒதுங்கியே இருங்க."

முட்டிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. டேப்பைத் தானே கழற்றி டெய்லர் கையில் கொடுத்தார். "எல்லாருக்கும் எடுங்க சார், கடைசியா நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். நானாக இருந்தால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருப்பேன்.

ஆனால் அந்த ஆபீசுக்குக் கண்ணாடிச் சுவர். அவர் கைதூக்கி நின்றதைப் பார்த்துவிட்டு ஓடியவன் மிச்சத்தைப் பார்க்கவில்லை. முட்டி ஓய்வறைக்கு வருவதற்குள், அவர் நிர்வாகத்தின் ஆளாகிவிட்டார் என்ற செய்தி வந்து உட்கார்ந்திருந்தது.

"நம்ம வேலைய கான்ட்ராக்டுக்கு விடப்போறாங்க. மேனேஜர் வாய்லேர்ந்தே வந்துடுச்சு" என்று மூச்சு வாங்கச் சொன்னார் முட்டி.

"இதையும் அவங்கதான் சொல்லி அனுப்புனாங்களா? எங்களைப் பயமுறுத்தி சங்கத்தை உடைக்கவா?" என்றார் பெல்ட்டு.

"நான் வேண்டாம்னுட்டேன்யா."

"வேண்டாம்னவன் எதுக்குய்யா கையத் தூக்குன?"

தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன் என்றால் யார் நம்புவார்கள்?

அதன் பிறகு பெட்டிகள் மட்டும் மேலே வந்தன. கனத்த பெட்டி வந்தால் ஒரு எச்சரிக்கைகூடக் கிடையாது. ஒவ்வொரு பெட்டிக்கும் முட்டி வாசலை எட்டிப் பார்ப்பார், ஒரு வார்த்தை வராதா என்று. சாப்பிட உட்கார்ந்தால் அந்த மேஜை காலியாகிவிடும். யாராவது நின்று திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். தனிமை அவருக்குப் புதிதில்லை, ஆனால் அதுவரை அது வீட்டோடு நின்றிருந்தது.

ஆபீஸ் ஆள் ஒருவர் மூலம் விஷயம் தெரிந்து மகள் போன் செய்தாள்.

"தேடி வந்ததை எட்டி உதைச்சீங்களாமே. யாருக்காகப்பா?"

"கூட வேலை செய்றவங்களுக்காகத்தாம்மா."

"அவங்க உங்களோட பேசுறாங்களா?"

"பேசுவாங்கம்மா."

மாத்திரை போட்டீர்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

நிர்வாகம் கொடுத்த வாக்கு வெயில்காலம் முடியும்வரைகூடத் தாங்கவில்லை. லோடிங் பிரிவு மொத்தமும் கான்ட்ராக்டுக்குப் போனது. சங்கத்திடம் கம்பெனி ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. முழு மரியாதை என்றார்களே, அது இதுதான்.

கடைசி நாள் முட்டிக்குக் கிடைத்தது ஒரு சின்ன விமானம். கீழே பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவன் புது ஆள். அவனை அதட்டியபடி பக்கத்தில் நின்றிருந்தார் பெல்ட்டு, சூப்பர்வைசர் கோட்டில். ஒருவர் வேண்டாம் என்றதை இன்னொருவரிடம் நீட்டாமலா இருப்பார்கள்?

பெல்ட்டு மேலே ஏறி வந்து வாசலில் குந்தினார்.

"நீ சொன்னது அத்தனையும் உண்மைதான்யா. என்னையும் கூப்பிட்டாங்க பாரு, அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் உன் மூஞ்சில முழிக்க முடியல."

முட்டி கையிலிருந்த பெட்டியைச் சுவரோரம் தள்ளி வைத்தார்.

"ஏதாவது சொல்லேன்யா. எனக்கு மூணு பிள்ளைங்க, இன்னும் படிச்சு முடிக்கல. நீ தனி ஆளு, பொண்ணையும் கட்டிக் குடுத்துட்ட. உனக்குன்னு இங்க யாருய்யா இருக்கா?"

முட்டி முழங்காலில் நகர்ந்து வாசலுக்கு வந்தார். வெளிச்சத்தில் கண் கூசியது.

"நீ இருந்தியேய்யா" என்றார்.