ஒரு மணிக்குக் கேட்கும் குரல்

"சாப்பிட்டீங்களா?" என்று பக்கத்து அறையிலிருந்து மனைவியின் குரல் கேட்டதும் முதலாளி சாப்பாட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். எதிரே உட்கார்ந்திருந்த மகளின் முகம் வெளுத்தது.

அவள் அம்மா இறந்து ஆறு வருடமாகிறது. கணவனும் மனைவியுமாக ஒற்றை அடுப்பில் ரொட்டி சுட்டு விற்ற காலத்தில், முதல் விளம்பரத்துக்காக அந்த அம்மாள் பேசிய ஒரே வார்த்தை அது. இன்று முதலாளிக்கு நாற்பது ஆலைகள், மூன்று டிவி சேனல்கள், கோடி கோடியாய்ச் சொத்து. ஆனாலும் தினமும் மதியம் ஒரு மணிக்குத் தன் சேனலில் அந்தக் குரல் ஒலித்த பிறகுதான் சாப்பாட்டில் கை வைப்பார்.

"அப்பா, அந்த விளம்பரத்தை நிறுத்தி மூணு நாளாச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றாள் மகள். கம்பெனியை இப்போது நடத்துபவள் அவள்தான்.

"போம்மா. உங்கம்மா வாயை யாரால மூட முடிஞ்சிருக்கு? தினமும் கேக்குதே!"

மகள் எழுந்து போய்ப் பார்த்தாள். டிவி அணைந்து கிடந்தது. அதன் ஒயரைக்கூட யாரும் செருகியிருக்கவில்லை. அவள் திரும்புவதற்குள், காலி அறையில் முதுகுக்குப் பின்னால் அதே குரல் கேட்டது.

"இப்படி மெலிஞ்சு போயிட்டியே கண்ணு. நீ சாப்பிட்டியா?"

"விளம்பரத்தை நாளைக்கே மறுபடியும் போட்டுடறேம்மா!" என்று அலறிய மகள், செருப்பைக்கூட மாட்டாமல் வாசலைத் தாண்டி ஓடினாள்.

"பாவம், பயந்துட்டா" என்று உள்ளே பார்த்துச் சொல்லிக்கொண்டே முதலாளி கதவைச் சாத்தினார்.