பதினேழாறு தொண்ணூற்றிரண்டு

என் மகளை நான் காட்டிக்கொடுத்தேன்.

1934, ஜூன் 19, செவ்வாய்க்கிழமை. அன்றும் விடியுமுன் எழுந்தேன். சாரல் இறங்கியிருந்தது. சிற்றருவியில் குளித்துவிட்டு வந்து, ஈர வேட்டியை முனையோடு முனை ஒத்துவரக் கொடியில் விரித்தேன். குடைக்கம்பிகளைத் துடைத்தேன். மைப்புட்டியை நிரப்பினேன். இட்லி சாப்பிட்டேன். பிறகு, தென்காசிக் கோர்ட்டுக்குச் சைக்கிளை மிதிக்க வேண்டிய நேரத்தில், குற்றாலத்திலேயே இருந்த பள்ளிக்கூடத்துச் சன்னலோரம் போய் நின்றேன். உள்ளே என்ன நடக்கப்போகிறதென்று எனக்குத் தெரியும். கோமதிக்குத் தெரியாது.

கோமதி என் ஒரே மகள். அப்போது எட்டு வயது. மூன்றாம் வகுப்பு.

நான் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. ஓர் எழுத்துப் பிசகினால் தாளையே கிழித்துவிட்டு மறுபடி எழுதுவேன். அந்தக் குணம்தான் அவளுக்கும் வந்ததோ என்னவோ... பிழையைக் கண்டால் அவளால் சும்மா இருக்க முடியாது. வாத்தியாரின் கணக்கையே திருத்துவாள், அடி வாங்குவாள், மறுநாளும் திருத்துவாள். தெரிந்த பாடத்தை மறுபடி நடத்தினால் எழுந்துபோய்த் தாழ்வாரத்தில் நனைந்துகொண்டு நிற்பாள். மணியடித்தால் அலறுவாள். யாரும் அவளைத் தொடக்கூடாது!

பேச்சி மட்டும் தொடலாம். குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவரின் மகள் பேச்சி. கோமதிக்குப் பக்கத்தில் உட்காருபவள். பியூன் மணியை நோக்கி நடப்பதைக் கண்டதுமே தன் இரண்டு கைகளாலும் கோமதியின் காதுகளைப் பொத்திவிடுவாள். என் மகள் அலறாமல் இருந்த நாட்கள் அந்தக் கைகள் தந்தவை. இதை நான் அறிந்திருந்தேன். நன்றாகவே அறிந்திருந்தேன்!

பள்ளித் தலைமை ஆசிரியரைப் பெரிய வாத்தியார் என்போம். அவர் என்னைக் கூப்பிட்டு, "இந்தப் பிள்ளய மூணுல வச்சுக்கிட்டு எங்களால மாரடிக்க முடியாதுவே. டபுள் புரமோஷன் போட்டு அஞ்சுக்கு ஏத்திருவோம். செவ்வாக்கிழம ஒரு பரீட்ச வைக்கேன். தேறலன்னா மூணுலயே கெடக்கட்டும்" என்றார்.

எனக்கு மார்பு விரிந்தது. எட்டு வயதில் ஐந்தாம் வகுப்பு! கோர்ட்டில் இரண்டு பேரிடம் சொல்லியும் விட்டேன்.

திங்கட்கிழமை மாலை வீட்டுக்கு வந்தபோது கோமதி சிலேட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். எல்லா விடையும் தப்பு! ஒரு விடையைத் தப்பாக எழுதுவாள்; பொறுக்காமல் அழித்துச் சரியாக எழுதுவாள்; பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் அழித்துத் தப்பாக எழுதுவாள்.

"என்னட்டி இது?"

"தப்பாப் போடப் பழகுதேன்ப்பா."

"எதுக்கு?"

"தேறிட்டா அங்கிட்டுக் கொண்டு உக்கார வச்சிருவாகல்லா. பேச்சி இங்கிட்டு இருப்பா. நான் மூணுலயே இருந்துக்கிடுதேன். அஞ்சாங்கிளாஸ் பாடம்தான் முதுகுக்குப் பின்னால கேக்கே. அது போதும்ப்பா." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பெரிய வாத்தியார்ட்டச் சொல்லிராதீக."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் வகுப்புகளுக்கிடையே சுவர் கிடையாது. ஒரே கூடம். மூன்றாம் வகுப்பு கிழக்கே பார்த்து உட்காரும். ஐந்தாம் வகுப்பு அதற்கு முதுகு காட்டி மேற்கே பார்த்து உட்காரும். உடம்பு மூன்றில், காது ஐந்தில், பேச்சி பக்கத்தில்... எட்டு வயதுக் குழந்தை தனக்கேற்ற வகுப்பைத் தானே அமைத்துக்கொண்டிருந்தாள்! அவள் அதை என் முகத்துக்கு நேரே சொன்னாள். எனக்கு ஏன் புரியவில்லை?

அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவிக்குப் புரிந்தது. "அவ எங்கன உக்காந்தா ஒங்களுக்கு என்னவாம்? படிக்கத்தான செய்யுதா" என்றாள். நான் குடையை எடுத்துக்கொண்டு பெரிய வாத்தியார் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணாச்சி, அவ நாளைக்கு வேணும்னே தப்பா எழுதப்போறா" என்றேன்.

"அட கள்ளி! அப்பம் என்னவே செய்ய?"

இதற்குமுன் நான் யாரிடமும் சொல்லாதது இதுதான். யோசனையும் நானே கொடுத்தேன்.

"சிலேட்டுல பரீட்ச எழுதச் சொல்லாதீக. போர்டுல நீங்களே ஒரு கணக்கத் தப்பாப் போட்டுட்டு வேற வேலயப் பாருங்க. அவளால பொறுக்க முடியாது."

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "வெளங்கும்வே! பெத்தவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஏன் சொன்னேன்? அவள் படிப்புக்காக என்றுதான் அன்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். கோர்ட்டில் பீற்றிக்கொண்ட பெருமைக்காகவா? அல்லது... குமாஸ்தாவின் மகள் எண்ணெய் தேய்ப்பவரின் மகளோடு ஒட்டிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லையா? ஒன்றைப் பிடித்தால் மற்றொன்று நழுவுகிறது. நீங்கள் சொல்லுங்கள்: மூன்றாம் வகுப்பிலேயே விட்டிருந்தால் அவள் தினமும் அடிதானே வாங்கியிருப்பாள்? அப்படியானால் நான் செய்தது சரியா? சரியென்றால் ஏன் இருட்டில் குடைபிடித்துப் போய்ச் சொன்னேன்?

செவ்வாய்க்கிழமை, சன்னல் வழியாகப் பார்த்தேன். பெரிய வாத்தியார் கரும்பலகையில் 17 × 6 = 92 என்று எழுதிவிட்டு மூக்குப்பொடி டப்பியைத் திறந்தார். கோமதி கண்ணை மூடிக்கொண்டாள். பாவாடையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். பேச்சி அவள் முழங்கையைப் பிடித்தாள்... பிடித்தும் என்ன? உதறிவிட்டு ஓடினாள் என் மகள். உள்ளங்கையால் 92ஐத் துடைத்து 102 என்று எழுதினாள்.

"பிடிபட்டியா கள்ளி! போ, அஞ்சாங்கிளாஸ்ல போயி உக்காரு!"

கூடமே சிரித்தது. சுண்ணம் படிந்த கையோடு அவள் திரும்பினாள். சன்னலில் என்னைப் பார்த்தாள். அவள் தன் திட்டத்தைச் சொல்லியிருந்தது பெற்ற இரண்டு பேரிடம் மட்டும். சன்னலில் நின்றவன் நான் ஒருவன்தான்!

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு தென்காசிக்குப் போனேன். அன்று எழுதிய நகல்களில் ஒரு பிழையும் இல்லை.

மாலையில் மனைவி கோமதியின் கையை விரித்துக் காட்டினாள். பிரம்புத் தடம். பிற்பகலில் முதுகுக்குப் பின்னால் பேச்சி வாய்ப்பாடு ஒப்பிக்கையில் தடுமாறியிருக்கிறாள். இவள் திரும்பிச் சரியான விடையைச் சொல்லியிருக்கிறாள். ஐந்தாம் வகுப்பில் திரும்பிப் பார்க்கக் கூடாதாம். மணியடித்தபோது காதைப் பொத்த யாரும் இல்லை. ஆனாலும் அவள் அலறவில்லை என்றாள் மனைவி. அலறவில்லையே என்று நான் மகிழ வேண்டுமா, பயப்பட வேண்டுமா?

அதன் பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு புகாரும் வரவில்லை. எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். பேச்சி அந்த வருஷமே படிப்பை நிறுத்திவிட்டாள். கோமதி இன்று தென்காசியில் குடித்தனம் நடத்துகிறாள். போனால் காபி தருவாள், மரியாதையாகப் பேசுவாள். அவளிடம் ஒருநாளும் நான் இதைக் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் மன்னித்து என்ன ஆகப்போகிறது?

பரீட்சைக்கு மறுநாள், புதன்கிழமை காலை எழுந்ததும், குளிக்கக்கூடப் போகாமல், முதல் காரியமாக அவளுடைய சிலேட்டை எடுத்தேன். 17 × 6 = 92 என்று எழுதி அவள் முன்னால் வைத்தேன். துடைத்துவிடு, அம்மா... துடைத்துவிடு!

அவள் அதை நெடுநேரம் பார்த்தாள். கை அசையவில்லை.

"சரியாத்தான்ப்பா இருக்கு" என்றாள்.