பரீட்சைக்குப் படுத்திருந்தேன்

பல்கலைக்கழகப் பளுதூக்கும் அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு மதுரையில். அதற்கு இன்னும் சில வாரங்களே இருந்த நேரத்தில் என் உடம்பு ஒத்துழைக்க மறுத்தது. போன மாதம் தலைக்கு மேல் போய் நின்ற எடை இப்போது நெஞ்சுக்கே வரவில்லை. மாடிப்படி ஏறினால் தொடை நடுங்கியது. வகுப்பில் கண் சொருகியது. அணியில் இடம் பிடிக்க அதுதான் கடைசி வாய்ப்பு. எனக்குக் கல்லூரி அந்த ஆண்டோடு முடிய இருந்தது.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அதனால் எழுதியிருப்பதை அப்படியே நம்புவேன். பயிற்சியாளர் கொடுத்த தாளில், கனமாகத் தூக்கிய மறுநாள் ஓய்வு எடு என்றிருந்தது, எடுத்தேன். நன்றாகத் தூங்கு என்றிருந்தது, கோழி அடையும்போதே நானும் படுத்தேன். முட்டை, பயறு, மோர், எதிலும் குறை வைக்கவில்லை. அப்படியும் எடை மாட்டிய இரும்பு ராடு வாரத்துக்கு வாரம் கனத்துக்கொண்டே போனது.

உத்தமபாளையத்து ஜிம்மில் என்னோடு சேர்ந்து தூக்குகிற நண்பன் ஒருவன் உண்டு. பாத்திரக்கடை ராவுத்தர் வீட்டுப் பையன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேர்வுக்குக் கட்ட வேண்டிய இடுப்பு பெல்ட்டைக் கொடுக்க, கோம்பைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்கே பைக்கில் வந்துவிட்டான். அன்று வாழைத்தார் வெட்டு. நான் துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்து, ஒரு தாருக்கு அடியில் குந்தி, எழுந்து, வரப்பு வழியாக லாரிக்கு நடந்துகொண்டிருந்தேன்.

"ஏலே மாப்ள, இன்னைக்கு ரெஸ்டுன்னு சொன்ன?"

"ரெஸ்டுதேன். இன்னைக்கு ஜிம்முக்குப் போகல."

அவன் என்னைப் பார்த்தான், தாரைப் பார்த்தான், லாரியில் அடுக்கியிருந்ததைப் பார்த்தான். சிரித்துச் சிரித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"காலையில இருந்து இதத்தேன் செய்யிறியா?"

"வேற என்ன செய்ய? சும்மா வீட்டுல இருக்கச் சொல்றியா?"

அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஓய்வு நாளில் என்ன செய்கிறாய் என்று பயிற்சியாளர் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். ஒன்றும் செய்வதில்லை சார் என்று மனதாரச் சொல்லியிருக்கிறேன். தார் சுமப்பது வேலை. அதை ஒரு நாளும் நான் தூக்குவதில் சேர்த்ததில்லை. எங்கள் வீட்டில் யாருமே சேர்த்ததில்லை.

சிரிப்புச் சத்தம் கேட்டு அப்பா அரிவாளோடு வந்தார்.

"மாமா, அங்கன தூக்குன அலுப்பு இங்கன தூக்குனா எப்படிப் போகும்?" என்றான் நண்பன்.

"அது வெளையாட்டு, இது வேலைல்லப்பா?" என்றார் அப்பா. என் தொடை நடுங்குவதைப் பார்த்தார். "ஒடம்புக்கு ரெண்டும் ஒண்ணுதேன் போல" என்று தாரை இறக்கிவிட்டு, என் தலையிலிருந்த சும்மாட்டுத் துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். "மதுரைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் தோட்டத்துப் பக்கம் வந்த, கால ஒடிச்சிருவேன்."

தார் தூக்காமல் இருப்பது எளிதாக இருந்தது. பட்டப்பகலில் படுத்திருப்பதுதான் கஷ்டம். எங்கள் தெருவில் நல்ல உடம்போடு ஒருவன் பகலில் படுத்திருந்தால் அது செய்தி. முதல் நாளே பக்கத்து வீட்டு அத்தை திருநீறோடு வந்தாள்.

"ஆத்தா, புள்ளைக்குக் காய்ச்சலா?"

"இல்ல மதினி," என்றாள் அம்மா.

"பொண்ணு விவகாரமா?"

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்குக் கட்டிலைவிட்டு எழுந்து எதையாவது சுமக்கலாம் போல இருந்தது. அடுத்து எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தபோது அம்மா வாசலை அடைத்து நின்றுகொண்டாள்.

"அவனுக்குப் பரீட்சை வருது. படுத்திருக்கச் சொல்லியிருக்காக."

அதோடு தெரு அடங்கியது. பள்ளி நாளிலிருந்து எங்கள் வீட்டில் அந்த ஒரு சொல்லுக்குத்தான் எல்லா வேலையும் வழிவிடும். அத்தை தன் வீட்டு ரேடியோவின் சத்தத்தைக்கூடக் குறைத்துவிட்டாள். "என்ன பரீட்சையோ, பாவம், புத்தகத்தக் கூடத் தொடாம தூங்குறான்" என்று அவள் சொன்னது சுவர் தாண்டிக் கேட்டது.

மலையாகத் தெரிந்த மாடிப்படி ஒரு வாரத்தில் மறுபடி படியாகவே தெரிந்தது. அடுத்த வாரம் ஜிம்மில் பழைய எடை நெஞ்சுக்கு வந்தது. மதுரையில், கடைசித் தூக்கில், ராடு தலைக்கு மேல் போய் அசையாமல் நின்றது. அணிப் பட்டியலில் என் பெயர் கடைசியாக இருந்தது. இருந்ததே போதும். நண்பன் போட்ட கூச்சலில் நடுவர் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் தோட்டத்தில் லாரிக்கு வாழைத்தார் லோடு. பழக்கதோஷத்தில் துண்டைச் சுருட்டிக்கொண்டு போனேன். அப்பா அதைப் பிடுங்கிக்கொண்டு, "நேத்து தூக்குனேல்ல? போ, அங்கிட்டு" என்றார். லாரி நிழலில் வாழைச்சருகின் மேல் உட்கார்ந்தேன், அப்படியே சாய்ந்துவிட்டேன். பாதித் தூக்கத்தில் லோடு ஏற்றுகிறவரின் குரல் கேட்டது.

"என்னண்ணே, பையனுக்குத்தேன் பரீட்சை முடிஞ்சிருச்சே?"

"அவன எழுப்பாத," என்றார் அப்பா. "அடுத்த பரீட்சைக்குப் படுத்திருக்கான்."