மழை சொட்டும் லயம்

ஒரு கவிதையின் பொருளை மாற்றிச் சொன்னேன். அறியாமல் அல்ல... தெரிந்தே! இதை உங்களைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை.

நான் கடல் நடுவே ஒரு தீவில், ஷாதிபூரில் குடியிருக்கும் தமிழாசிரியன். மதுரையிலிருந்து கப்பலேறி வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. தமிழில் எனக்குத் தெரியாத சொல் இல்லை என்ற நினைப்பும் கூடவே கப்பலேறி வந்துவிட்டது.

எங்கள் கோயிலில் குடமுழுக்கு. அதையொட்டி ஒரு கவியரங்கம். வந்த கவிதைகளில் ஒன்றை விளக்கிப் பேச என்னை அழைத்தார்கள். தெற்கே இன்னொரு தீவில், ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பவளம் என்ற பெண் எழுதியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம் அவளுடையது.

மழை சொட்டும் லயத்தில்
நீயும் ஒருநாள் வந்து இரு, சாமி.
உன் நெற்றியிலும்
நாலு துளி விழட்டும்.

எப்படி மயங்கினேன் தெரியுமா! மழை என்பது அருள். லயம் என்பது மனம் இறைவனில் கரைவது. நாலு துளி, நான்கு வேதம். ஏழ்மையையும் மறக்கச் செய்யும் பக்தி என்று எட்டுப் பக்கம் எழுதினேன். ஜன்னலுக்கு வெளியே தூறல்; கடல் எது, வானம் எது என்று தெரியவில்லை. நானே அந்தக் கவிதைக்குள் மிதப்பது போலிருந்தது.

விழா அன்று காலை பவளம் கப்பலில் வந்து இறங்கினாள். மண்டப வாசலில் தேநீர் குடித்தபடி என் உரையைப் பெருமையோடு அவளுக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு மெல்லச் சொன்னாள்.

“சார், லயம்னா நாங்க இருக்கிற வீடுங்க. பத்துக் காம்பரா, அதான் ரூமு, ஒரே வரிசையா இருக்கும். கூரை ஒழுகுது. மூணு தடவ அர்ஜி எழுதிக் குடுத்தாச்சு.”

அந்தக் கூரைகளை மாற்றும் வேலையை எடுத்திருந்த கான்ட்ராக்டர் எங்கள் கோயில் தலைவர்தான். கோபுரத்தை முடித்துவிட்டார், தோட்டத்துக்கு ஒரு தகரம்கூடப் போகவில்லை. அவர் காதில் விழட்டும் என்றுதான் எழுதினாளாம்.

“நீங்க சொன்னா கேப்பாரு சார்” என்றாள்.

தலையாட்டினேன். மேடையேறினேன்.

முதல் வரிசையில் தலைவர்... கையில் எட்டுப் பக்கம்... ஒரு தமிழ்ச் சொல் எனக்குத் தெரியாமல் போயிற்று என்று அத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொள்வதா? எழுதியபடியே பேசினேன். நான்கு வேதம் என்றபோது தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் ஓயவே இல்லை! பவளம் இருந்த பக்கம் நான் திரும்பவில்லை.

திரும்பும் கப்பல் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

பிறகு அந்தக் கவிதையைக் கருங்கல்லில் செதுக்கி, சந்நிதிக்குப் போகும் வழியில் பதித்தார்கள். கீழே என் விளக்கம்! கூரை கேட்டு எழுதியதை நான் பிரார்த்தனையாக்கிவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.

சில மதியங்களில் கண்ணயரும்போது நீண்ட வரிசை வீடு ஒன்று கடல்மேல் மிதந்து வருகிறது. கதவுகள் எல்லாம் திறந்திருக்கின்றன. உள்ளே போய்ப் படுக்கிறேன். நெற்றியில் ஒரு சொட்டு... விழித்துத் தொட்டுப் பார்த்தால் ஈரமில்லை. என் வீட்டுக்குக் கான்கிரீட் கூரை.

உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஏன் சொல்லவில்லை? வெட்கமா, பயமா? இரண்டும்தான். அவளுக்கு ஒரு கடிதம்கூடப் போட்டதில்லை. கூரை மாறியதா என்று எந்த முகத்தோடு கேட்பேன்?

சென்ற வெள்ளியன்று, புதிதாக மாற்றலாகி வந்த வங்கி ஊழியர் ஒருவர் அந்தக் கல்லின் முன் நின்றார்.

“லயம்னா என்ன சார் அர்த்தம்?” என்று என்னைக் கேட்டார்.

வெளியே மழை வலுத்தது. தெற்கிலும் பெய்துகொண்டிருக்கும்.

“இறைவனோடு கலப்பது” என்றேன்.